என்னை இரண்டு முறை மீட்ட விவரம்

அன்புள்ள தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் வீட்டுச் சுவர்களும் மெல்லக் காய்ந்து வருகிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் மூட்டுவலி குறைந்து நடமாடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் பிள்ளைகள் சங்கதி. பெரிய பேத்தி நகராட்சியில் பேரிடர்ப் பிரிவுக்கே அதிகாரி ஆகிவிட்டாள். தனி மேசை, தனி மின்விசிறி. அவள் தம்பி பிஸ்கட் கம்பெனியில் பாதுகாப்பு மேலாளர். அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டி வெளியே போகாது. கடைக்குட்டிக்கு நீச்சலில் மூன்றாம் பரிசு. நீந்தியதே மூன்று பேர் என்பதை வெளியே சொல்லாதே.

வெள்ளம் வந்தால் நகராட்சியும் கம்பெனியும் சேர்ந்து ஊரைக் காப்பாற்றுவது என்று ஒப்பந்தம் போட்டார்களே, அதை எழுதியது நம் பேத்தியும் பேரனும்தான். முன் தெரு முதியவர்களை நகராட்சி படகில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும், பின் தெரு முதியவர்களைக் கம்பெனி வண்டியில் தன் கிடங்குக்குக் கொண்டுபோகும். என் வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசல் உண்டு என்பது உனக்குத் தெரியும். பாட்டி விட்டுப்போகக் கூடாதென்று இருவருமே அவரவர் பட்டியலில் என் பெயரை முதலில் போட்டார்கள். பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அதற்குள் முகாம் வாசலில் யார் பலகை மேலே இருப்பது என்று இரண்டு ஆபீசுக்கும் சண்டை வந்து, அக்காவும் தம்பியும் ஒரு மாதம் பேச்சில்லை.

போன வாரம் நிஜமாகவே தண்ணீர் வந்தது. காலையிலேயே படகு வந்து என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டது. என் மாடியறையில் குடியிருக்கும் தையல்காரம்மா இடுப்பு எலும்பு முறிந்து ஆறு வாரமாகப் படுக்கை, அவளையும் ஏற்றுங்கள் என்றேன். மாடிப்படி பக்கத்துச் சந்தில் இருக்கிறது, அது பின் தெருக் கணக்கு, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மதியம் கம்பெனி வண்டி பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டது, ஏனென்றால் பின்வாசலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தேடி அலைந்திருக்கிறார்கள். ஓட்டுநர் கையில் தாளோடு நின்றான்.

"எங்க கணக்குல ஒரு ஆள் குறையுது பாட்டி. ஏறுங்க."

தையல்காரம்மா எங்கே என்றேன். அந்தப் படி முன் தெருக் கணக்கென்று விட்டுவிட்டார்களாம். படியில் எவ்வளவு தண்ணீர் என்றேன். ஆறு படி முங்கிவிட்டது என்றான். மொத்தமே பதினொன்று.

"நான் காஞ்ச தரையில உக்காந்திருக்கேன். போய் அவள ஏத்து."

"அந்தம்மா பேரு இதுல இல்லையே."

"பேருதான வேணும்? எம் பேர அவளுக்குக் குடுத்துட்டேன். கிளம்பு."

பாவம், கிளம்பினான். நாலு பேர் கட்டிலோடு இறக்கினார்களாம். கிடங்கில் என் பெயரைச் சொல்லி, எனக்கென்று எடுத்துவைத்திருந்த சர்க்கரை மாத்திரையைக் கொடுக்க, அவள் கெட்டிக்காரி, விழுங்காமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்து, வீடு திரும்பியதும் எனக்கே தந்தாள். பாட்டியைப் பார்க்க ஓடிவந்த பேரன் போர்வையை விலக்கித் தையல்காரம்மாவைக் கண்டதும் பலகைச் சண்டையை மறந்து அக்காவுக்கு போன் போட்டான்: "அக்கா, நம்ம பாட்டி மாறிப்போச்சு." அவளோ பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நேற்று இருவரும் என் வீட்டில் உட்கார்ந்து இரண்டு பட்டியலையும் ஒன்றாக்கினார்கள். இனி ஒருவர் பெயரும் விட்டுப்போகாது. தையல்காரம்மாவும் சொந்தப் பெயரிலேயே ஏறிவிட்டாள். ஆகையால் நீ என்னை நினைத்துக் கவலைப்படாதே, புறப்பட்டும் வராதே. எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நூறாண்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பேத்தி வந்தாள். ஒன்றாக்கியபோது என் பெயர் இரண்டு தரம் வந்ததால் கம்ப்யூட்டர் இரண்டையும் அடித்துவிட்டதாம். இப்போது ஊரிலேயே பட்டியலில் இல்லாத கிழவி நான் ஒருத்திதான். வெளியே மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது. திரும்பச் சேர்க்கப் புதுப் படம் கேட்கிறார்கள், இங்கே இருந்ததெல்லாம் ஊறிப்போயிற்று. போன மாதம் உன் வீட்டில் எடுத்த படத்தை இன்றைக்கே தபாலில் போடு. பின்னால் என் பெயரை எழுது. ஒரே ஒரு தடவை எழுது.