புகைபோக்கியில் ஒரு வாள்

"ஒரே ஒரு நாள் உன் தாத்தா வாளைக் கொடேன், ஹொரேஸ்," என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஆம்ப்ரோஸ்.

ஹொரேஸுக்கு வயிறு எரிந்தது. ஏப்ரல் முதல் ஆம்ப்ரோஸ்தான் மாவட்டத்தின் ஹை ஷெரிஃப். ஓராண்டுப் பதவி, சம்பளம் கிடையாது. வெல்வெட் கோட்டு மாட்டி, இடுப்பில் வாளோடு போய் நீதிபதிகளை வரவேற்க வேண்டும். போலீஸாருக்கும் தொண்டர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அடுத்த ஷெரிஃப் யார் என்று ஒவ்வொரு நவம்பரிலும் லண்டனில் பெயர் வாசித்து அறிவிப்பார்கள். ஹொரேஸின் தாத்தா வகித்த பதவி அது. தனக்கும் வரும் என்று ஹொரேஸ் பத்து வருடமாகக் கண்ணாடி முன் குனிந்து பழகியிருந்தார்.

ஆம்ப்ரோஸிடம் ஏற்கெனவே ஒரு வாள் உண்டு. உள்ளூர்ப் பத்திரிகையில் அதைப் பிடித்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரித்திருந்தார். இப்போது இரண்டாவதா?

"எதுக்கு?"

"நாளைக்குத் தெரியும். இப்ப கேக்காதே."

போன வாரம் இதே வேலியருகே தன் மனைவி வினிஃப்ரெட் ஆம்ப்ரோஸோடு குசுகுசுத்ததை ஹொரேஸ் பார்த்திருந்தார். இவரைக் கண்டதும் இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"வாள் திருட்டுப் போயிடுச்சு," என்றார் ஹொரேஸ்.

வேறு யாராவது என்றால் அதோடு விட்டிருப்பார்கள். ஷெரிஃப் விடுவாரா?

"என் மாவட்டத்துலயா?" என்று ஆம்ப்ரோஸ் அங்கேயே நின்று போலீஸுக்குப் போன் போட்டார்.

ஹொரேஸ் உள்ளே ஓடி, சுவரில் தொங்கிய வாளைக் கழற்றி, முன்னறையில் குளிர்காயும் அடுப்பின் புகைபோக்கிக்குள் செருகினார்.

மறுநாள் பிற்பகல், நவம்பர் மழையில் தொப்பலாக நனைந்து வந்தாள் கான்ஸ்டபிள் ப்ரைஸ்.

"யார் மேலயாவது சந்தேகம் உண்டா ஐயா?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கு அது மேல ஒரு கண்ணு."

"புகார் கொடுத்ததே அவர்தானே?"

"அதான் எனக்கும் இடிக்குது," என்றார் ஹொரேஸ்.

அப்போது சிறைச்சாலையிலிருந்து திரும்பினாள் வினிஃப்ரெட். இருபது வருடமாக வாராவாரம் கைதிகளைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறவள்.

"பொண்ணு வெடவெடன்னு நடுங்குது. தீ மூட்டக் கூடாதா, ஹொரேஸ்?"

"வேண்டாம். புகைபோக்கியில குருவி கூடு கட்டியிருக்கு."

"நவம்பர்லயா?" என்று கேட்டபடியே தீக்குச்சியைக் கிழித்தாள்.

புகை மேலே போகாமல் அறைக்குள் புரண்டது. மூவரும் இருமினார்கள்.

"ஏதோ அடைச்சிருக்கும்மா," என்ற ப்ரைஸ் தீ கிளறும் கம்பியை எடுத்து மேலே ஓங்கிக் குத்தினாள்.

ஒரு மூட்டைக் கரியோடு தாத்தாவின் வாள் கணீரென்று அடுப்பில் விழுந்தது.

வினிஃப்ரெட் வாளைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"குருவி நல்லா வளர்ந்திருக்கு," என்றாள்.

"அவன்கிட்டதான் ஒண்ணு இருக்கே," என்று முனகினார் ஹொரேஸ். "என்னோடதையும் எதுக்குக் கட்டிக்கணும்?"

ப்ரைஸ் குறிப்பேட்டில் படிந்த கரியை ஊதிவிட்டு மூடினாள்.

"அவர் கட்டிக்க இல்லை ஐயா. வாள் மாட்டுற இடுப்புப்பட்டைக்குத் தையற்காரர் அளவெடுக்கணும்னுதான் கேட்டேன்னு அவரே சொன்னார். அடுத்த வருஷ ஷெரிஃப்னு காலையில லண்டன்ல வாசிச்சது அம்மா பேரைத்தானே."