விழுகிற வித்தை

கோப்பையில் ஒரே ஒரு பெயர் வெட்டத்தான் இடம் இருந்தது. குஸ்தி கம்பெனி முதலாளி ஆதிகேசவன் அதை யோசிக்காமல் வாங்கிவிட்டார்.

போன ஊர்களிலெல்லாம் காற்று வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி, கும்மிடிப்பூண்டிக்கு வந்த பிறகுதான் பிழைத்தது. பகல் ஷிப்ட் விட்டதும் இரும்பு ஆலைத் தொழிலாளிகள் ஊருக்குப் போகிற ரயிலைக்கூட விட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்தார்கள். அந்தச் சந்தோஷத்தில், 'இந்த வெற்றிக்குக் காரணமானவருக்கு' வெள்ளிக் கோப்பை என்று முதலாளி மைக்கில் சொல்லிவிட்டார்.

ஆட்டம் முடிந்ததுமே மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"தெனம் ஜெயிக்கறவன் நானு. எனுக்குத்தானே, நைனா?" என்றான் குப்புராஜ். நோட்டீசில் அவன் பெயர் 'திருவள்ளூர் சிங்கம்'.

"நீ ஜெயிச்சேன்னு சொல்றது யாரு? என் குரல் இல்லேன்னா ரெண்டு பேர் மண்ணுல உருள்றேள், அவ்வளவுதான்" என்றார் பராசரன். கோயிலில் பாசுரம் சேவித்துப் பழகிய தொண்டை. இப்போது கம்பெனிக்கு மைக் பிடிக்கிறது.

மோசஸ் கடைசியாகத்தான் வாய் திறந்தான். அவன் 'பம்பாய் ராட்சசன்'. தினமும் உறுமிக்கொண்டு கோதாவில் இறங்கி, தினமும் தோற்பவன். சொந்த ஊர் ஊத்துக்கோட்டை. பம்பாயைப் பார்த்ததில்லை.

"உழுவுறது சும்மா இல்ல மொதலாளி. எப்பிடி உழுந்தா ஜனம் எழுந்து நிக்கும்னு கத்துக்கறதுக்குள்ள என் முதுகே போச்சு. மார்க்கெட்டுக்குப் போனா என் சம்சாரத்த 'ராட்சசன் பொண்டாட்டி'ன்னு சிரிக்கறாங்க. ஒரே ஒரு வாட்டி என் பேரும் எதுலயாவது இருக்கட்டுமே."

முதலாளி இளகிப்போனார். கோப்பையைக் கொடுக்காமலே அவனைச் சமாதானப்படுத்த வழி தேடினார்.

"நாளைக்கு ஒரு ஆட்டம் நீ ஜெயிச்சுக்கோ. மனசு ஆறிப்பூடும்."

மோசஸ் ஜெயித்தான். கொட்டகை சாவு விழுந்த வீடு மாதிரி ஆயிற்று. பிறகு செருப்புகள் பறந்து வந்தன.

"பாத்தியா? என் ஜெயத்துக்குத்தான் ஜனம் வருது" என்றான் குப்புராஜ்.

ரோஷத்தில் மோசஸ் மறுநாள் வரவில்லை. முதலாளி மதராஸிலிருந்து வேறொரு முரடனைப் பிடித்து வந்தார். குப்புராஜ் அவனைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றிப் போட்டான். பராசரன் தொண்டை கிழியக் கத்தினார். ஜனம் பாதியில் எழுந்து ரயிலுக்குப் போய்விட்டது.

முதலாளி மோசஸ் வீட்டு வாசலில் போய் நின்றார். "பேஜார் பண்ணாத மோசஸு. வந்து தோத்துட்டுப் போ."

மோசஸ் வந்து தோற்றான். கொட்டகை நிரம்பி வழிந்தது. கோப்பை அவன் கைக்கு வரப்போகிற நேரத்தில் குப்புராஜ் குறுக்கே பாய்ந்தான்.

"இவன் வித்தைக்கா வராங்க? அந்த மூஞ்சியப் பாத்தா எவனுக்கும் ஒதைக்கத் தோணும்."

"மூஞ்சியா உழுவுது? ஒடம்புதானே உழுவுது?" என்றான் மோசஸ். "நாளைக்கு முகமூடி போட்டுக்கினு உழுவுறேன். அப்ப தெரியும்."

மறுநாள் முகமூடியோடு விழுந்ததுபோல் அவன் வாழ்நாளில் விழுந்ததில்லை. காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி, தரை அதிர, மல்லாந்து விழுந்தான். அது அவனுக்கே தெரிந்தது. ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. யாரோ கொட்டாவி விட்டார்கள்.

படுத்தபடியே முகமூடியைக் கழற்றினான். கொட்டகை மொத்தமும் எழுந்து கூச்சலிட்டது.

இனி பேச்சுக்கு இடமில்லை. கோப்பையில் மோசஸ் பெயரையே வெட்டினார்கள். குப்புராஜ்கூட வந்து கை கொடுத்தான். ஆனால் கோப்பை வித்தைக்கு இல்லை, மூஞ்சிக்குத்தான் என்பது மோசஸுக்கு உறைத்தது. கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு மனைவி கன்னியம்மாவிடம் கேட்டான்.

"இந்த மூஞ்சில இன்னா கீது?"

"மூக்கும் முழியும் லச்சணமாத்தான் கீது" என்றாள் அவள். அதைச் சொன்ன ஒரே மனுஷி அவள்தான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பாராட்டு விழா முடிந்த மறுநாள் காலை, ஸ்டேஷன் எதிரே டீ குடிக்க நின்றான். ஷிப்டுக்குப் போகிற அப்பாவு என்ற தொழிலாளி வலிய வந்து அவனுக்கும் சேர்த்து டீ சொன்னான்.

"கம்பெனி வேற ஊருக்குப் போவுதாமேண்ணே?"

"ஆமா. அடுத்த வாரம்."

அப்பாவுவின் முகம் வாடிவிட்டது. மோசஸுக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியில் தன் வித்தையை மதிக்கிற ஒருவன் கிடைத்துவிட்டான்.

"அவ்ளோ புடிக்குமா, நான் உழுவுறது?"

அப்பாவு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க ஆலை ஃபோர்மேன் மூஞ்சி அச்சு அசலா உன் மூஞ்சிதாண்ணே; அவரு ரிட்டையர் ஆவற வரிக்கும் நீ இங்கியே இருந்து தெனம் ஒதை வாங்கிக்கினு இருக்கக்கூடாதா?"