மாம்பழப் படம் போட்ட பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும்

பாலசமுத்திரம்,
9-7-1984

சித்தூரில் இருக்கும் என் தங்கை மகன் சத்தியநாதனுக்கு மாமன் பிரகாசம் எழுதிக்கொள்வது:

நீ எங்கள் பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டாய். ஓய்வுநாள் பாடசாலைக்கு வரும் நாற்பத்தொரு பிள்ளைகளை, ஆறு ஞாயிறாக. இதைச் சொன்ன பிறகுதான் மற்றது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் உன் அத்தையும் மூன்று ஆடுகளும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை, விசாரித்ததாக வைத்துக்கொள்.

பதினோரு வருஷமாக இங்கே முதல் பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கை வறுத்த வேர்க்கடலையும் ஒரு துண்டு வெல்லமும் கொடுத்து வந்தோம். கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், வீட்டில் குடித்த கூழும் இந்தக் கடலையும் சேர்ந்துதான் மத்தியானம் வரை தாங்கும். இப்படி இருக்கையில் நீ வேலை செய்கிற மாம்பழக் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாகப் பழக் கட்டி என்ற மிட்டாய் வந்து இறங்கியது. பளபளவென்று காகிதம், அதில் ஒரு மாம்பழம், பக்கத்தில் கன்னம் உப்பிய ஒரு குழந்தை. பாடசாலை நடத்தும் லோயிஸ் டீச்சர் கடலையை அன்றைக்கே நிறுத்திவிட்டாள். இதில் சத்து இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது யார் என்று கேட்டேன். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க தாத்தா" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனாலும் சொல் சொல்தானே, நான் பார்த்தேன்.

எனக்குப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் வேதத்திலும் மருந்து பாட்டிலிலும் நானாகப் படித்தது. அகராதியை வைத்துக்கொண்டு அந்தக் காகிதத்தின் பின்பக்கத்தை இரண்டு நாள் படித்தேன். முதல் பெயர் சர்க்கரை. இரண்டாவது குளுக்கோஸ், அது சர்க்கரைக்குச் சித்தப்பா மகன் என்று கம்பவுண்டர் நாகபூஷணம் சொன்னார். மாம்பழம் மூன்றாவதாக, பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு வந்த ஆள் மாதிரி ஓரமாக நிற்கிறது. கடைசியில் "அனுமதிக்கப்பட்ட நிறம்" என்று போட்டிருக்கிறது. கர்த்தர் மஞ்சளாகப் படைத்த பழத்துக்கு மஞ்சள் பூச யார் போய் யாரிடம் அனுமதி கேட்டது? ஒரு கட்டியை ஆட்டுக்கு வைத்தேன். ஆடு காகிதத்தைத் தின்றுவிட்டுக் கட்டியை முகர்ந்து பார்த்து நகர்ந்துவிட்டது.

ஆடு சொன்னதை மட்டும் நம்பக் கூடாது என்று போன மாதம் வகுப்பையே இரண்டாகப் பிரித்தேன். இருபது பேருக்குக் கட்டி, இருபத்தொரு பேருக்குக் கடலை. யார் முதலில் பசி என்று சொல்கிறார்கள் என்று கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். கட்டி தின்ற பக்கம் அரை மணியில் பசி என்றது; இரண்டு பேர் சொல்லவில்லை, பல் ஒட்டிக்கொண்டு வாய் திறக்கவில்லை, அவர்களையும் பசிக் கணக்கில்தான் சேர்த்தேன். "கடலை துன்ன பசங்க எல்லாம் தண்ணிக்கு பம்புக்கு ஓடிட்டாங்களே, அத்த எழுதிக்கலியா தாத்தா?" என்று கேட்டாள் லோயிஸ். தாகம் வேறே, பசி வேறே, நீ உன் வேலயப் பாரும்மா என்றேன்.

இதுவரைக்கும் எனக்கு இருந்தது வெறும் கோபம்தான். நேற்று இரண்டாம் பாட்டுப் பாடும்போது செங்கம்மாவின் மகள், ஏழு வயசு மனோரமா, நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். பெஞ்சு விளிம்பில் நெற்றி கிழிந்துவிட்டது. செங்கம்மா ஓடி வந்து, "சர்ச்சுல பழம் குடுக்கறாங்கன்னு நெனச்சிக்கினு கூழு ஊத்தாம அனுப்பிட்டேன் பெரியவரே, அட்டையில இம்மாம் பெரிய மாம்பழம் போட்டுக்குதே" என்று அழுதாள். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பத்தொன்பது வீட்டில் இதே கதை. ஞாயிற்றுக்கிழமை கூழ்ப்பானை அடுப்பே ஏறவில்லை. படத்தை நம்பினார்கள்டா, படத்தை! எழுத்துத் தெரியாதவங்க படத்தத்தானே படிப்பாங்க?

ஆகவே நடக்க வேண்டியது இது. நீ: மிச்சம் இருக்கும் இரண்டு பெட்டியையும் அடுத்த பஸ்ஸில் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியது. உன் மேனேஜர்: காகிதத்தில் மாம்பழத்தைப் புளியங்கொட்டை அளவாக்கி, சர்க்கரை மூட்டையைப் பெரிதாக வரைய வேண்டியது. லோயிஸ்: பத்தொன்பது வீட்டுக்கும் நடந்து போய், இது பழம் இல்லை, கூழ் ஊற்றி அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டியது. உன் அத்தை கிருபாவதி: பழையபடி விடியற்காலையில் கடலை வறுக்க வேண்டியது. நான்: மேற்பார்வை.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம் உடனே சேரட்டும். உன் பங்கு, பெட்டிகள் திரும்பிய பிறகு.

இப்படிக்கு,
பிரகாசம்

பி.கு.: உறையில் போடும் முன் இதை உன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். 'மேற்பார்வை' வரைக்கும் கேட்டாள். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பெட்டிய அனுப்பச் சொல்லி மருமவனுக்குக் கடுதாசி போட்டதே நான்தான்யா. பதினோரு வருசமா விடிகாலையில அடுப்பாண்ட குந்திக்கினு வறுத்தது யாரு? ஒரு நாளு கடலத் தோலு ஊதிக் குடுத்துக்கிறியா நீ? என் தோளு போயிடுச்சி. பசங்க பட்டினி கெடக்கக் கூடாதுன்னா நீ வறு." என் கோபம் குறையவில்லை, அது போக வேண்டிய விலாசம்தான் மாறிவிட்டது. உன் மேனேஜருக்கும் லோயிசுக்கும் சொன்னது அப்படியே நிற்கிறது. நீ பெட்டியை எடுக்க வரும்போது அத்தை தோளுக்குத் தைலம் ஒரு பாட்டில் வாங்கி வர வேண்டியது. வருகிற ஞாயிறு முதல் கடலை வறுக்க வேண்டியவர்: பிரகாசம். மேற்பார்வை: கிருபாவதி.