வாசலுக்கு ஒரு பெஞ்சு, மொட்டை மாடிக்கு ஒரு பெஞ்சு

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் கட்டைவிரலைத் தவிர எல்லோரும் நலம். அங்கே தங்கள் முழங்கால் வலியும் அத்தையின் இருமலும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து செருப்பு மாட்ட வாசலில் ஒரு பெஞ்சு வேண்டும் என்று பழைய கதவைக் கழற்றி, எனக்கு ஒரு பலகை, என் சகலைக்கு ஒரு பலகை கொடுத்தீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நல்லா வர்றது வாசலுக்கு, இன்னொண்ணு மொட்டை மாடிக்கு" என்று சிரித்தீர்களே, அன்றோடு என் நிம்மதி போயிற்று. மூத்தவன் பெஞ்சு மாடியில் வெயிலில் காய, நேற்று வந்த சின்ன மாப்பிள்ளை பெஞ்சில் வருகிறவர் போகிறவர் எல்லாம் உட்கார்ந்தால், நான் எந்த முகத்தோடு உங்கள் வீட்டுக்குள் நுழைவேன்?

இதற்காகவே மரம் சீவப் புத்தம் புது இழைப்புளி வாங்கினேன். விலையை உங்கள் மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். பலகையில் வைத்துத் தள்ளினால் வெங்காயத் தோல் போலச் சீவல் வந்தது. பெருமையாகத்தான் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போகும் வரை. அங்கே அவர் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய ஓர் இழைப்புளியோடு நிற்கிறார். துருப்பிடித்தது, கைப்பிடியில் விரிசல். ஆனால் பிளேடின் முனையைச் சாணை பிடித்துக் கட்டைவிரல் நகம் போல வளைத்திருக்கிறார். பிளேடு எட்டிப் பார்க்கிற வாயை அரத்தால் அராவி அகலமாக்கியிருக்கிறார். பலகையின் குறுக்கே ஒரு தள்ளு தள்ளினால் செருப்புத் தோல் தடிமனில் மரம் பெயர்ந்து வருகிறது மாமா! பழைய பெயிண்ட், மேடு பள்ளம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. உங்கள் பெரிய மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "வேலைன்னா இது. நீங்க ஒரு வாரமா வெங்காயம் உரிச்சிட்டிருக்கீங்க" என்றாள். சகலைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், எனக்குக் கூட்டச் சொல்லித் துடைப்பத்தைக் கொடுத்தாள்.

வயிறு எரிந்தது. தங்களிடம் ஒளிப்பானேன், நன்றாகவே எரிந்தது. மறுநாளே இரும்புக் கடைக்கு ஓடினேன். "இருந்ததே ஒண்ணுதான் சார். உங்களை மாதிரியே ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டார், வயசு மட்டும் கம்மி" என்றார் கடைக்காரர். அந்தக் கடைசி வார்த்தையைத் தாங்க முடியாமல் வீட்டுக்கு வந்தவன், புது இழைப்புளியையே கழற்றிச் சாணைக்கல்லில் வைத்துவிட்டேன். அவன், மன்னிக்கவும், அவர் நகம் போல வளைத்தால் நான் பிறை போல வளைத்தேன். அவர் வாயை அகலமாக்கினால் நான் அது கொட்டாவி விடுகிற அளவுக்கு அராவினேன். கட்டைவிரலில் வெட்டுப்பட்டது அதில்தான். ஆனால் முதல் தள்ளிலேயே செருப்புத் தோல் என்ன, செருப்பே வந்தது! பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "சார், கதவை உடைக்கிறீங்களா?" என்றார். "பெஞ்சு செய்யறேன்" என்றேன். நம்பாமல் போனார். பலகை முழுக்க வரிவரியாகப் பள்ளம் விழுந்திருக்கிறதுதான். அதெல்லாம் கடைசியில் சரியாகிவிடும்.

ஆகவே மாமா, சகலையின் பெஞ்சு வந்தால் யோசிக்காமல் மாடிக்கு ஏற்றவும். துருப்பிடித்த கருவியில் செய்தது முரட்டு வேலை. வாசலுக்கு நயம் வேண்டும்; அது வயதில் மூத்தவர்களுக்கே வரும்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசி எப்போதும், பெஞ்சு முடிகிற வரை சற்றுக் கூடுதலாகவும், என் பக்கம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மூத்த மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சகலை வந்துவிட்டார், தோளில் பலகையோடு. அதிலும் வரிவரியாகத்தான் இருக்கிறது. "முரட்டு வேலை முடிஞ்சுதுண்ணா. என் இழைப்புளிக்கு அவ்வளவுதான் தெரியும். இந்த வரியெல்லாம் போய் வழவழன்னு வரணும்னா, வெங்காயத் தோல் மாதிரி சீவுமே, உங்களோடது, அதுதான் வேணும். ரெண்டு பலகைக்கும் கடைசி இழைப்பு அண்ணாதான், ரெண்டு பெஞ்சும் வாசல்லயே இருக்கட்டும்னு மாமாகிட்ட சொல்லிட்டேன். எங்கண்ணா அது?" என்கிறார். சமையலறையில் உங்கள் மகள் சிரிக்கிற சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நான் கட்டைவிரலையும், கொட்டாவி விடுகிற இழைப்புளியையும் காட்டினேன். மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். பெஞ்சு இரண்டும் வாசலுக்கே வரும். உட்காரும்போது மட்டும் தடிமனாக ஒரு மெத்தை போட்டுக்கொள்ளவும்.