தாய்மாமன் காணாமல் போன அழைப்பிதழ்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதை இன்னும் கொஞ்சம் மெருகேற்றப் போய், கெடுத்துவிட்டு முழிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு நான் தலைவராகவே இருக்கலாம்.

அண்ணன் கல்யாணத்துக்கு இணைய அழைப்பிதழ் செய்து தருகிறேன் என்று நானாகவே கிளம்பினேன். (வெப் டிசைன் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம்தான். பேச்சு மட்டும் முப்பது வருஷ சர்வீஸ்.) சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரையில் வந்து அழைப்பார்கள்; 'அடுத்து' என்று அழுத்தினால் அடுத்தவர் வருவார். முதலில் அப்பா அம்மா. பிறகு யார் மனமும் கோணக்கூடாதென்று அம்மா வழியில் ஒருவர், அப்பா வழியில் ஒருவர் என மாற்றி மாற்றி அடுக்கினேன்.

இணையப் பக்கத்துக்குள்ளும் ஒரு குடும்ப மரம்தான். 'பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடு' என்றால் பிரவுசர் கூப்பிட வேண்டும். நான் சொன்னபோது யாரும் வரவில்லை. நிரலில் இரண்டு பெயர்களுக்கு நடுவே நான் விட்டிருந்த வெற்று இடத்தையும் அது ஓர் ஆளாக எண்ணியிருந்தது. அதைத் தாண்டி நேராக அடுத்த ஆளையே கூப்பிடத் தனிக் கட்டளை உண்டு. அதை யார் தேடிக்கொண்டிருப்பது? 'பக்கத்தவருக்குப் பக்கத்தவரைக் கூப்பிடு' என்று எழுதினேன். அழகாக வேலை செய்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கம் சட்டென்று திறக்கட்டுமே என்று வெற்று இடத்தையெல்லாம் நீக்கினேன். முதல் படத்தில் அப்பாவும் அம்மாவும் சிரித்தார்கள். அது போதுமென்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

நான் எழுதிய கட்டளை மட்டும் அப்படியே இருந்ததால், இப்போது பிரவுசர் ஓர் ஆளை விட்டுவிட்டு அதற்கடுத்த ஆளுக்குத் தாவியது. அம்மா வழி மொத்தமும் காலி!

"ஏங்கண்ணு, எங்கூட்டு ஆளுக ஒருத்தரையுமே காணோமே?" என்றார் அம்மா. அடுத்த நிமிடம் மதுக்கரையிலிருந்து மாமா போன்.

"எங்களை வேண்டாம்னு நேராவே சொல்லியிருக்கலாமுங்க. கல்யாணத்தை நீங்களே நல்லபடியா நடத்திக்கோங்க."

எங்கள் ஊரில் எல்லோருக்கும் 'ங்க' உண்டு. ஆனால் என்னைத் தூக்கி வளர்த்த மாமா எனக்கு 'ங்க' போட்டதே இல்லை.

தாய்மாமன் வராமல் கல்யாணமா? அம்மா அன்று சாப்பிடவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லேப்டாப்பை மாட்டிக்கொண்டு மதுக்கரைக்கு வண்டியை விட்டேன்.

மாமா என் பக்கம் முகத்தைக் கூடத் திருப்பவில்லை. நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். கடைசியில் கேட்டார்.

"ஒண்ணுமில்லாத வெத்து எடத்தை ஒரு ஆளா எண்ணுச்சு. என்னை எண்ணலை. அப்படித்தானே?"

"ஆமாங்க மாமா."

உள்ளே அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. மாமாவுக்கும் மீசை துடித்தது.

"இப்பவே, என்ற கண்ணு முன்னால சரி பண்றா."

பண்ணினேன், இந்த முறை முறையான கட்டளையைப் போட்டு. மாமா மூன்று தடவை முதலிலிருந்து கடைசிவரை அழுத்திப் பார்த்தார். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டு, "சாப்டயா அம்மணி?" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தார். பந்தியில் நான் பாயச வாளியோடு வந்ததும், மண்டபமே கேட்க, "ஏன்டா மாப்ள, எல்லா எலைக்கும் ஊத்துவியா, எடையெடைல ஒண்ண உட்டுப்போட்டுப் போவியா?" என்றார். இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் எதைப் பரிமாறினாலும், அம்மா இன்னொரு வாளியோடு என் பின்னாலேயே வருகிறார்.