குதிரைமசாலைக் கொழுந்தாக்கிய குடும்பம்

மேல் டிவிசன்,
ஓப்பநாயக்க.
12.09.2004

அன்பும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்த நல்லையா மாமா அவர்களுக்கு, தங்கள் தங்கச்சி மகன் சுரேந்திரன் தலை குனிந்து எழுதுவது.

இங்கு அம்மா நலம், அப்பா நலம், மாடு மிகவும் நலம். நலமில்லாதது என் மானம் ஒன்றுதான். அதற்கு டிஸ்பென்சரியில் மருந்து இல்லையாம்.

இரத்தினபுரி விஞ்ஞானக் கண்காட்சியில் பரிசு வாங்கினால் உங்கள் வீட்டில் தங்கிக் கேகாலையில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம், வாங்காவிட்டால் இங்கேயே வர்த்தகம் என்று நீங்கள் சொன்ன தீர்ப்பு நினைவிருக்கும். பரிசு வாங்கவில்லை. இதற்கு மேல் படிப்பதென்றால் திட்டிக்கொண்டே படியுங்கள்.

நீங்கள் வேலை செய்யும் மாட்டுப் பண்ணையிலிருந்து தீவனத்துக்கென்று அனுப்பிய குதிரைமசால் விதை, இந்த மழையிலும் உரப்பைகளில் முழங்கால் உயரம் வளர்ந்தது. எங்கள் விஞ்ஞான டீச்சர் மஹ்மூதா தந்த தாளில் இருந்தது இவ்வளவுதான்: இலையை இடி, சாற்றைப் பிழி, சுடவை, புரதம் பச்சைத் தயிர்போலத் திரளும். நான் முதல் வரியிலேயே கவிழ்ந்தேன். கண்காட்சிக்கு முதல்நாள் நான் அட்டையில் "ஏழைகளின் இறைச்சி" என்று கலர் கலராக எழுதிக்கொண்டிருக்க, அம்மா தேயிலை மலைப் பழக்கத்தில் கூடையை மாட்டிக்கொண்டு போய் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டு வந்துவிட்டார். "முத்தல் எலையெல்லாம் எதுக்குடா? கணக்கப்புள்ள கழிச்சிருவாரு." அப்பா ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "பச்சையா அப்படியே இடிக்கப் போறியா? வாட்டாத எலைய எவன்டா அரைப்பான்?" இருபது வருசமாகத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மனுசன் கேட்கிறார். விஞ்ஞானியாகப் போகிற நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதானே!" என்றேன். நானே சாக்கை விரித்து, நானே பரப்பி, நானே கிளறியும் விட்டேன். மறுநாள் இலை பட்டுத்துணி மாதிரி இருந்தது. அப்பா "ஏ கிளாஸ்" என்றார்.

அந்தப் பட்டுத்துணியை நடுவர்கள் முன்னால் இடித்தேன், பிழிந்தேன், முறுக்கினேன். வந்தது நாலு சொட்டு, அதிலும் ஒன்று என் வியர்வை. தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தால் திரளவில்லை, நுரைத்தது. நுரை பொங்கி, மேசையில் வழிந்து, பக்கத்து மேசையில் இன்னொரு பள்ளிக்கூடம் செய்து வைத்திருந்த எரிமலையை அணைத்தது. பெரிய நடுவர் குனிந்து பார்த்து, "மே மொகக்த புத்தே, சபன் த?" என்றார். இது என்ன மகனே, சவர்க்காரமா என்று சிங்களத்தில் கேட்கிறார்! "புரோட்டீன் சேர்" என்றேன். ஒரு துளி நாக்கில் வைத்தார்; முகம் பாகற்காயானது. ஆனாலும் நல்ல மனுசன். நுரைக்கும் கசப்புக்கும் இலையிலுள்ள சபோனின்தான் காரணம், பறித்ததை உடனே இடிக்கவேண்டும், வாட வாட இலை தன் புரதத்தைத் தானே சிதைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். யார் வாட்டச் சொன்னது என்றும் கேட்டார். பரம்பரையைக் காட்டிக்கொடுக்க மனமில்லை. "நான்தான் சேர்."

புரதம் எடுக்கப் போனவன் அன்று முழுக்க விரதம். குதிரைமசாலை நம்பிக் கழுதையானவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆகவே மாமா, விஞ்ஞானத்துக்கும் எனக்கும் சரிவராது. வர்த்தகமே படிக்கிறேன். அதில் எதுவும் நுரைக்காது.

அத்தையின் காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லுங்கள். மாரியம்மா உங்கள் எல்லோரையும் காக்கட்டும். என்னைக் காத்துக் களைத்திருப்பாள், இந்த மாதம் விட்டுவிடட்டும்.

இப்படிக்கு,
கொழுந்தால் கொழுப்பு அடங்கிய
சுரேந்திரன்

பி.கு.: டவுனுக்குப் போக ஆளில்லாமல் இந்தக் கடிதம் நாலு நாள் கிடந்தது. என் கை சும்மா கிடக்கவில்லை. செடியில் மிச்சமிருந்த முத்தல் இலையை நேற்றுப் பறித்த கையோடு அம்மியில் அரைத்துப் பிழிந்து அடுப்பில் வைத்தேன். மாமா, திரண்டுவிட்டது! பச்சைப் பசேலென்று, கட்டி கட்டியாக! கசப்புப் போக எலுமிச்சைத் தண்ணீரில் அலசினேன். அம்மா "கசக்குதுடா" என்று சொல்லிவிட்டு இன்னொரு தடவை எடுத்து வாயில் போட்டார். அப்பா "வாட்டாமயா? வாட்டாமயா?" என்று கேட்டபடியே வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போனார். மேலே வர்த்தகம் படிப்பதாக எழுதியவனை எனக்குத் தெரியாது. பரிசு இல்லைதான். ஒரு சிட்டிகை காயவைத்து உறைக்குள் வைத்திருக்கிறேன். அத்தைக்குத் தெரியாமல் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் எனக்குக் கட்டில் வேண்டாம். பாய் போதும்.