ஹிரோசே டீச்சரின் பக்கத்து நாற்காலி

மூன்று தாளிலும் ஒரே பெயர். 'இந்தப் பள்ளியில் உங்களுக்கு அதிகம் உதவியாக இருப்பவர் யார்?' என்ற கேள்விக்குப் புது டீச்சர்கள் மூவரும் 'கதாகிரி சார்' என்று எழுதியிருந்தார்கள். கேள்வித்தாளை உட்கார்ந்து தயாரித்தவர் ஹிரோசே டீச்சர்.

அவருக்கு வயிறு எரிந்தது. கதாகிரி என்ன பெரிய ஆளா? உடற்பயிற்சி வாத்தியார். விசில் ஊதுவார், மதியம் கறிச்சோறு இரண்டு தட்டு சாப்பிடுவார், மணி ஐந்தானால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

புதியவர்களுக்குத் துணையாகப் பள்ளி நியமித்தது ஹிரோசேயைத்தான். அதற்காகவே தொயாமா நகரில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர், தினமும் ஐந்து மணிக்கு மேலும் பள்ளியிலேயே இருப்பவர். "யாருக்கு உதவணுமோ அவங்க இடத்துல உங்களை வச்சுப் பாருங்க, அப்புறம் தீர்வை யோசிங்க" என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். போன வருடம் வந்த பெண் கோடை விடுமுறையோடு வேலையை விட்டுவிட்டாள். இப்போது புதியவர் மூவரில் அறிவியல் டீச்சர் நிட்டாவின் முகமும் வாடிக்கொண்டே வந்தது. இவளையாவது தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வண்ணச் சீட்டுகளைக் கொடுத்து மனக்குறையை எழுதி ஒட்டச் சொன்னார். நிட்டா 'தூக்கம் போதவில்லை' என்று ஒட்டினாள்.

"ஏன் போதல?" என்று ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஆறரை வரை தோண்டித் துருவிக் கேட்டார். மறுநாள் நிட்டா இன்னும் சோர்ந்து வந்தாள்.

கஷ்டத்தைக் கூடவே இருந்து உணர்ந்தால்தானே புரியும் என்று அவள் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார் ஹிரோசே. அவள் விடைத்தாள் திருத்தினாள், இவர் குறிப்பெடுத்தார். ஏழு மணி ஆயிற்று.

"நீங்க கிளம்புற வரைக்கும் நானும் கிளம்ப மாட்டேன். தைரியமா வேலையைப் பாருங்க."

"ரொம்ப நன்றி டீச்சர்" என்றாள் நிட்டா, தலையை நிமிர்த்தாமல்.

"பசிக்குதா?"

"இல்ல டீச்சர்."

"எங்கிட்ட என்னம்மா கூச்சம்?"

மறுநாளிலிருந்து மூவருக்கும் அவர் வீட்டுச் சோற்றுருண்டை வந்தது. சாப்பிட்ட தெம்பில் எட்டு மணி ஆயிற்று.

ஆனால் ஐந்து மணிக்குக் கதாகிரி "வரட்டுமா?" என்று கிளம்பும்போது மட்டும் மூன்று முகமும் மலர்ந்தன. சோறு போடுவது நான், சிரிப்பு அவனுக்கா? ஹிரோசே நேராகவே போய்க் கேட்டுவிட்டார்.

"புதுப் பிள்ளைங்களுக்கு அப்படி என்னதான் செய்றீங்க?"

"நானா? அவங்க பேருகூட எனக்குச் சரியாத் தெரியாதே டீச்சர்."

நன்றாக மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நிட்டா ஓர் உறையோடு வந்து நின்றாள். "கோடை லீவோட நின்னுக்கலாம்னு இருக்கேன் டீச்சர்."

ஹிரோசே உறையை வாங்கவில்லை. போகாதே என்று சொல்ல நினைத்தவர் வாயில் அப்போதும் வந்தது வேறு. "கதாகிரிகிட்டச் சொல்லிட்டியா?"

"அவர்கிட்ட எதுக்கு?"

"அவர் செய்றது எதுவோ அதைச் சொல்லு. அதையே நானும் செய்றேன். நீ மட்டும் போகாதம்மா."

நிட்டா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவர் அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவாரு டீச்சர். நீங்க சீனியர், நீங்க இருக்கும்போது நாங்க எப்படி எழுந்து போறது? விடைத்தாளெல்லாம் அஞ்சுக்கே முடிஞ்சிடும், அப்புறம் நீங்க கிளம்புற வரைக்கும் திருத்தினதையேதான் திரும்பத் திருத்திக்கிட்டிருக்கோம்."